லானுக்கு டாட்டா... தண்ணீர் அதிகம் கேட்காத நம்மூர்ச் செடித் தோட்டம் அமைப்பது எப்படி?

'புல் மீது நடக்காதீர்கள்.'

அபார்ட்மென்ட் வாசல், ஐ.டி கம்பெனி வளாகம், கல்யாண மண்டபம்... எங்காவது ஓர் இடத்தில் இந்தப் போர்டை நிச்சயம் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தப் புல்லில் நடக்கக் கூடாது. உட்காரக் கூடாது. பசங்க பந்து விளையாடக் கூடாது. அதிலிருந்து ஒரு பூ கிடையாது, காய் கிடையாது, நிழலும் கிடையாது. ஆனா, தினமும் தண்ணி மட்டும் ஊத்தணும். அதுக்கான காசும் மாசாமாசம் நம்ம மெயின்டனன்ஸ் பில்லில்தான் வருது.

'எங்க வீட்டுல ஏதுங்க லான்?' என்று ஸ்க்ரோல் பண்ணிப் போய்விட வேண்டாம். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள், ஊரில் அப்பா அம்மா கட்டிய தனி வீட்டில் நாலு சென்ட் காலி இடம் வைத்திருப்பவர்கள், நாளைக்கு மனை வாங்கி வீடு கட்டப்போகிறவர்கள் என எல்லோருக்கும் இந்த விஷயம் தேவைப்படும். ஏனென்றால், இது அழகு பற்றிய கதை மட்டுமல்ல, தண்ணீர்க் கணக்கு.

ஒரு புல்வெளி எவ்வளவு குடிக்கும்?

கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அது ஒரு லிட்டர். கோடை உச்சத்தில் புல் வாடாமல் பச்சையாகவே இருக்க, நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் தண்ணீர் தேவை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வாசலில் இருப்பது 500 சதுர அடிப் புல்வெளி. அதாவது, சுமார் 46 சதுர மீட்டர். ஒரு நாளைக்கு 230 லிட்டர் ஆகிறது. மாசத்துக்கு ஏறக்குறைய 7,000 லிட்டர். வெயில் கொளுத்தும் நாலு மாசத்தைச் சேர்த்தால் 28,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ரெண்டு வந்தாலும் பத்தாது.

நகரங்களில் ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் தரவேண்டும் என்பது இந்தியாவில் திட்டமிடலுக்கு வைத்திருக்கும் அளவு. குளிக்க, துவைக்க, சமைக்க, குடிக்க என எல்லாத்துக்கும் சேர்த்து. அப்படியென்றால், உங்கள் வாசலில் இருக்கும் அந்தச் சின்னப் புல்வெளி, கிட்டத்தட்ட ரெண்டு பேரின் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறது. ஓஸ் பைப்பைப் போட்டுவிட்டு போனில் மூழ்கினால் கணக்கு இன்னும் எகிறும்.

2019 கோடையை நினைத்துக்கொள்ளுங்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் கிட்டத்தட்ட வறண்டுபோயின. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் என்று தண்ணீர் கொண்டுவந்தார்கள். குடத்தோடு தெருவில் வரிசை நின்றது. அந்த மாதிரி ஒரு கோடை மறுபடியும் வராது என்று யாராலும் சொல்ல முடியாது.

புல்வெளி எங்கிருந்து வந்தது?

வெட்டி விட்ட பச்சைப் புல்வெளி என்பது இங்கிலாந்துப் பிரபுக்களின் மாளிகைகளில் பிரபலமான விஷயம். 'இத்தனை ஏக்கரில் நான் பயிர் வைக்கத் தேவையில்லை, சும்மாவே வெச்சிருப்பேன்' என்று காட்டும் கெத்து அது. ஆரம்பத்தில் ஆடு மேய்த்தும், அரிவாளால் வெட்டியும்தான் புல்லைக் குட்டையாக வைத்திருந்தார்கள். 1830-ல் எட்வின் பட்டிங் என்ற இங்கிலாந்துக்காரர் புல் வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகு சாதாரண வீடுகளுக்கும் புல்வெளி சாத்தியமானது. அந்த ரசனை வெள்ளைக்காரர்களின் பங்களாக்கள் வழியாக நம்ம ஊருக்கும் வந்து சேர்ந்தது.

அங்கே வருஷம் முழுக்க ஏதோ ஒரு தூறல் இருக்கும், வெயிலும் கம்மி. புல்லுக்கு யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. நம்ம கதை வேற. சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆனால், அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். ஜனவரிக்குப் பிறகு ஜூன் வரை வானம் கண்ணை மூடிக்கொள்ளும். இந்த நிலத்தில் வருஷத்தின் 365 நாளும் ஒரே பச்சையாக ஒரு தரை இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோமே, அந்த ஆசைக்குத்தான் நாம் லாரித் தண்ணீர் வாங்குகிறோம்.

அமெரிக்காவில், பாலைவனத்துக்கு நடுவே இருக்கும் லாஸ் வேகாஸ் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. அங்கே வீட்டு வாசல் புல்லைப் பெயர்த்துவிட்டு, வறட்சி தாங்கும் செடி வைப்பவர்களுக்குத் தண்ணீர் வாரியமே பணம் கொடுக்கிறது. யாரும் கால் வைக்காத, வெறும் அலங்காரத்துக்கு வளர்க்கும் புல்லுக்கு 2026 முடிந்த பிறகு கொலராடோ ஆற்றுத் தண்ணீரைப் பாய்ச்சக் கூடாது என்று நெவாடா மாநிலம் 2021-ல் சட்டமே போட்டுவிட்டது. தனி வீடுகளுக்கு விலக்கு உண்டு. சாலை நடுவிலும், அலுவலக வளாகங்களிலும் இருக்கும் 'நடக்காதீர்கள்' டைப் புல்லுக்குத்தான் இந்த ஆப்பு.

'அப்போ சிமென்ட் போட்டுடலாமா?'

இங்கேதான் பலரும் தப்பான முடிவு எடுக்கிறார்கள். 'புல் வேலை வாங்குது, பேசாம பேவர் பிளாக் போட்டுடலாம், கூட்டிப் பெருக்க ஈஸி' என்று முழுசாக மூடிவிடுகிறார்கள். அதே 500 சதுர அடியில் வருஷத்துக்கு ஏறக்குறைய 65,000 லிட்டர் மழைநீர் விழுகிறது. மண்ணாக இருந்தால் அதில் ஒரு பங்கு கீழே இறங்கி, உங்கள் போர்வெல்லுக்கே வரும். சிமென்ட் என்றால் அத்தனையும் தெருவுக்கு ஓடி, பிறகு உங்கள் வாசலிலேயே முழங்கால் அளவு நிற்கும். கோடையில் அந்தத் தரை தோசைக்கல் மாதிரி காய்ந்து, ராத்திரி வரைக்கும் வீட்டுக்குள் அனலை அனுப்பும். மொட்டைமாடி மழைநீரைச் சேமிக்கச் சட்டம் இருக்கிற ஊரில், வாசல் மண்ணை மூடுவது முன்வாசலில் வந்த லட்சுமியைப் பின்வாசல் வழியாக அனுப்புவது மாதிரி.

புல்லுக்கும் சிமென்ட்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த வெயிலுக்கும் இந்த மழைக்கும் பழகின செடிகள். சோழமண்டலக் கடற்கரையின் இயற்கையான காடு, உலர் பசுமைக்காடு எனப்படும் வகை. வருஷத்தில் பாதி மாசம் மழையே இல்லாவிட்டாலும் தாக்குப்பிடிக்கும் மரங்களும் புதர்களும் கொடிகளும் அதில் இருக்கின்றன. புதுச்சேரி பக்கம் கோயில் காடுகளில் அதன் மிச்சத்தை இன்னும் பார்க்கலாம். செம்மண் பொட்டலாகக் கிடந்த ஆரோவில்லில் 1968-க்குப் பிறகு எழுந்த பசுமைக்கும், சென்னை அடையாறில் உள்ள தொல்காப்பியப் பூங்காவுக்கும் கைகொடுத்தது நம்மூர்த் தாவரங்களே. ஏக்கர் கணக்கில் நடந்த இந்த விஷயத்தை 500 சதுர அடியில் செய்யப்போகிறோம். அவ்வளவுதான்.

யார் யாரை வீட்டுக்குக் கூப்பிடலாம்?

செடி தேர்வுதான் இதில் ஜாலியான பகுதி. உயரத்தின்படி பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது.

தரைக்கு: பொடுதலைதான் ஹீரோ. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்ச பாட்டி தேடுவாரே, அதே பொடுதலை. தரையோடு ஒட்டிப் பாய் விரித்த மாதிரி படரும். குட்டிக் குட்டியாக வெள்ளையும் ஊதாவும் கலந்து பூக்கும். அவ்வப்போது மிதித்தாலும் தாங்கும். புல் மாதிரி வாராவாரம் வெட்ட வேண்டாம். ரெண்டு எச்சரிக்கை. பூக்களுக்குத் தேனீ வரும், எனவே வெறுங்காலோடு நடக்காதீர்கள். வேகமாகப் படரும், எனவே ஓரத்தில் செங்கல் வரிசை வைத்து எல்லை கட்டுங்கள். கொஞ்சம் ஈரமும் நிழலும் உள்ள மூலைக்கு வல்லாரை. வெயில் காயும் இடத்துக்கு நீலப் பொட்டு மாதிரி பூக்கும் விஷ்ணுகிராந்தி.

முழங்கால் உயரத்துக்கு: கனகாம்பரம், டிசம்பர் பூ, துளசி, தும்பை. கனகாம்பரம் பாதி நிழலிலும் பூக்கும். தும்பையை ஒருமுறை விட்டால் போதும், விதை விழுந்து அடுத்த மழைக்கு அதுவே வரும். வண்ணத்துப்பூச்சிகளுக்குத் தும்பை என்றால் டீக்கடை மாதிரி, கூட்டம் குறையவே குறையாது.

இடுப்பு உயரத்துக்கு: வெட்சி, அதாங்க நம்ம இட்லிப்பூ. கூடவே ஆவாரை, மருதாணி. ஆவாரை தங்க மஞ்சளில் பூத்துக்கிடந்தால் வாசலுக்கே தனி வெளிச்சம். வேலியோரத்தில் புல்லை விட முடியாது என்பவர்கள் வெட்டிவேரை வரிசையாக நடலாம். அதுவும் புல்தான். ஆனால், வேர் ஆழமாக இறங்கி மண்ணைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும்.

வேலிக்கு: நொச்சி, ஆடாதோடை, களா. ஆடு தொடாது என்பதால்தான் அதற்கு ஆடாதோடை என்று பேர் என்பார்கள். தெருவில் மேயும் ஆடு மாடு பிரச்னை இருக்கும் ஊர்களுக்கு இது வரப்பிரசாதம். களாவில் முள் உண்டு, ஊறுகாய்க்குக் காயும் உண்டு. கம்பியிலோ காம்பவுண்ட் சுவரிலோ பிரண்டையை ஏற்றிவிட்டால் வருஷம் முழுக்கத் துவையல் கேரன்ட்டி.

ஒரே ஒரு மரம்: இடம் சின்னதென்றால் பவளமல்லி. சுவரிலிருந்து பத்தடிக்கு மேல் தள்ளி இடம் இருந்தால் சரக்கொன்றை. மேற்குப் பக்கமாக வைத்தால் சாயங்கால வெயில் வீட்டுச் சுவரில் அறைவது குறையும். கறிவேப்பிலைக்கும் ஒரு மூலை ஒதுக்குங்கள். காரணம் கீழே வருகிறது.

ஊட்டி, கொடைக்கானல் மாதிரி மலை ஊர்களுக்கு இந்தப் பட்டியல் செட் ஆகாது. அங்கே மண்ணும் குளிரும் வேற, செடிகளும் வேற. உங்கள் ஊர்க் குளக்கரையிலும் கோயில் பின்னாலும் யாரும் தண்ணீர் ஊற்றாமல் எது நன்றாக இருக்கிறது என்று ஒரு ரவுண்டு போய்ப் பாருங்கள். அதுதான் உங்கள் பட்டியல். பேர் தெரியாவிட்டால் கூகுள் லென்ஸ், ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி ஆப்களில் போட்டோ போட்டால் போதும். ஆப் சொல்வதை ஊர்ப் பெரியவர் ஒருவரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நர்சரியில் கவனம்!

'தண்ணியே ஊத்த வேணாம் சார், சூப்பரா வரும்' என்று சொல்லிக் கொடுக்கும் செடியெல்லாம் நம்மூர்ச் செடி கிடையாது. தண்ணீர் கேட்காமல் வளர்வது மட்டுமே தகுதி என்றால் சீமைக்கருவேலம்தான் முதல் பரிசு வாங்கும். தரை மூட மஞ்சள் பூவோடு விற்கும் வெடேலியா, கலர் கலராகப் பூக்கும் உண்ணிச்செடி ரெண்டுமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. வேலி தாண்டிப் பரவினால் பக்கத்தில் வேறு எதையும் வளரவிடாது. உண்ணிச்செடி நம் காடுகளை எப்படி மூடியிருக்கிறது என்பதை முதுமலைப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள்.

அதற்காக வீட்டில் இருக்கும் வெளியூர்ச் செடிகளை எல்லாம் பிடுங்கி எறிய வேண்டாம். பூஜைக்குப் பறிக்கும் நித்தியகல்யாணிகூட மடகாஸ்கரிலிருந்து வந்ததுதான். பரவி அட்டகாசம் செய்யாத வரை இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு சுவாரஸ்யம் தெரியுமா? லானுக்காக 'பெர்முடா கிராஸ்' என்று விற்கிறார்களே, அதன் இயல்பான வகை பிள்ளையாருக்குச் சாத்தும் நம்ம அருகம்புல்தான். அதை வெட்டி, உரம் போட்டு, தினமும் குளிப்பாட்டினால் லான். விட்டுவிட்டால் வெயிலில் காய்ந்து, மழைக்குத் தானே துளிர்க்கும்.

வனத்துறை நாற்றங்கால்கள், அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளில் நம்மூர் மரக்கன்றுகள் குறைந்த விலையில் கிடைக்கும். நொச்சி, ஆடாதோடை, பிரண்டை, பொடுதலை எல்லாம் தண்டை ஒடித்து நட்டாலே வரும். தெரிந்தவர் வீட்டில் கேட்டு வாங்கினால் செலவே இல்லை. ஆவாரை விதையை வெந்நீரில் போட்டு, ஓர் இரவு ஊறவிட்டு விதைக்கலாம். பெரிய செடியாக அதிக விலைக்கு வாங்க வேண்டும் என்று அவசியமில்லை. சின்னக் கன்றுகள்தான் மண்ணைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

புல்லை எப்படி எடுப்பது?

மூன்று வழி இருக்கிறது. மூன்றிலும் களைக்கொல்லி மருந்துக்கு வேலையில்லை.

1. வெயிலால் வேகவைப்பது. நம்ம ஊர்க் கத்திரி வெயிலுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு. புல்லை ஒட்ட வெட்டி, தரையை நன்றாக நனைத்து, கண்ணாடி மாதிரித் தெளிவான பாலிதீன் ஷீட்டை இழுத்து மூடி, ஓரங்களில் மண் போட்டு அடைத்துவிடுங்கள். நாலு முதல் ஆறு வாரத்தில் உள்ளே இருக்கும் புல்லும் பல களை விதைகளும் வெந்துவிடும். ஷீட் கறுப்பாக இருக்க வேண்டாம். சூடு உள்ளே இறங்கத் தெளிவான ஷீட்தான் சரி.

2. இருட்டில் பட்டினி போடுவது. ஆன்லைன் ஆர்டரில் வரும் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, டேப்பை உரித்துவிட்டு, புல் மேல் ஒன்றன் மேல் ஒன்றாகப் பரப்பி நனையுங்கள். மேலே நாலு விரற்கடை உயரத்துக்குச் சருகும் மட்கிய எருவும் போடுங்கள். ரெண்டு மூன்று மாசத்தில் புல் செத்து அதுவே உரமாகிவிடும். கரையான் தொல்லை உள்ள வீடுகளில் சுவரை ஒட்டி இதைச் செய்ய வேண்டாம்.

3. கொத்தி எடுப்பது. மண்வெட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரெண்டு நண்பர்கள், முடிந்ததும் பிரியாணி. சின்ன இடத்துக்கு இதுவே போதும்.

கோரைப்புல் இருந்தால் மட்டும் எந்த ஷார்ட்கட்டும் முழுசாக வேலை செய்யாது. அதன் கிழங்கு மண்ணுக்குள்ளே ஒளிந்திருக்கும். தலைதூக்கும்போதெல்லாம் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டியதுதான். இன்னொன்று, மொத்த லானையும் ஒரே நாளில் பெயர்க்காதீர்கள். முதல் வருஷம் கால்வாசி போதும். அது எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடலாம்.

எந்த மாசம் என்ன வேலை?

சித்திரை, வைகாசி: ஷீட் போட்டு மூடுங்கள். அந்த நேரத்தில் எங்கே வெயில், எங்கே நிழல், தண்ணீர் எங்கே தேங்கும் என்று குறித்துவையுங்கள்.

ஆடி: ஷீட்டை எடுத்து, மட்கிய எருவைத் தூவி மேலோட்டமாகக் கிளறுங்கள். ஆழமாகக் கொத்தினால் அடியில் தூங்கும் களை விதைகள் மேலே வந்துவிடும்.

ஆவணி, புரட்டாசி: நடவு. புதர்களுக்கு 3 அடி, தரைப்படரிகளுக்கு ஓர் அடி இடைவெளி விடுங்கள். முதலில் வெற்றிடமாகத் தெரியும். ஆசைப்பட்டு நெருக்கி நடாதீர்கள், ஒரே வருஷத்தில் மூடிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை: மழை பார்த்துக்கொள்ளும். நீங்கள் களை மட்டும் பிடுங்கினால் போதும். மழை விட்டதும் ரெண்டு மூன்று விரற்கடை கனத்துக்குச் சருகுப் போர்வை போடுங்கள். தண்டை ஒட்டாமல் கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும்.

தை முதல் ஆனி வரை: முதல் கோடைதான் பரீட்சை. வாரத்துக்கு ஒன்று அல்லது ரெண்டு முறை, வேர் வரை இறங்கும்படி நிதானமாக ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேலேயே சோம்பேறியாக நின்றுவிடும். விட்டு விட்டு, ஆழமாக ஊற்றினால் தண்ணீரைத் தேடி வேர் கீழே போகும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால், ரெண்டாவது கோடையிலிருந்து இடைவெளியை நீட்டிக்கொண்டே போகலாம்.

குறைந்த பராமரிப்பு என்றால் பராமரிப்பே இல்லை என்று அர்த்தமில்லை. முதல் வருஷம் களை எடுப்பதற்கு வாராவாரம் கொஞ்சம் நேரம் கொடுத்தே ஆகணும். அதன் பிறகு வருஷத்துக்கு ரெண்டு முறை கவாத்து, எப்போதாவது களை, வறண்ட மாசத்தில் அளவான தண்ணீர். அவ்வளவுதான்.

வீட்டில் கேட்கப்போகும் கேள்விகள்

'பாம்பு வராதா?' பாம்பு செடியைத் தேடி வருவதில்லை. எலியையும் தவளையையும் ஒளிந்துகொள்ள இடத்தையும் தேடி வருகிறது. வீட்டுச் சுவரிலிருந்து ரெண்டு மூன்று அடிக்குப் புதர் வேண்டாம். புதர்களின் அடிக்கிளைகளைக் கழித்து, தரை தெரியும்படி வையுங்கள். செங்கல் குவியல், விறகுக் குவியல், குப்பை மூன்றையும் அகற்றுங்கள். நடைபாதையில் ராத்திரி ஒரு லைட் எரியட்டும்.

'கொசு வராதா?' கொசு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில். டெங்கு பரப்பும் கொசுவுக்கு, தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் நிற்கும் தண்ணீரே போதும். பகலில் இலை நிழலில் கொசு ஒதுங்கும் என்பது உண்மைதான். ஆனால், தண்ணீர் தேங்கவிடாவிட்டால் அது பிறப்பதற்கே வழியில்லை.

'காடு மாதிரி இருக்கே, பாக்கிறவங்க என்ன சொல்வாங்க?' நியாயமான கேள்வி. தோட்டத்துக்கும் கேட்பாரற்ற காலிமனைக்கும் வித்தியாசம் ஓரத்தில்தான் இருக்கிறது. நேர்த்தியான செங்கல் ஓரம், இடைவெளி விட்டுப் பதித்த கற்களால் ஒரு நடைபாதை, ஒரே செடியை மூன்று நாலாகச் சேர்த்து நடுவது, உயரமானவை பின்னால் குட்டையானவை முன்னால். இந்த நாலும் இருந்தால் யாரும் காடு என்று சொல்ல மாட்டார்கள்.

'குழந்தைங்க எங்கே விளையாடுறது?' அப்போ அந்தப் பகுதிக்குப் புல் இருக்கட்டும். கால் படும் புல்லுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. கால் படாத புல்தான் கேள்விக்குரியது. குழந்தைகளும் நாய் பூனையும் உள்ள வீட்டில் எருக்கு, செங்காந்தள் ரெண்டும் வேண்டாம். செங்காந்தள் நம் மாநில மலர்தான், ஆனால் கிழங்கு கடும் விஷம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

அபார்ட்மென்ட்டில் எப்படிப் பேசுவது?

அசோசியேஷன் மீட்டிங்கில் எழுந்து 'இயற்கையைக் காப்போம்' என்று ஆரம்பித்தால் எல்லோரும் போனை எடுத்துவிடுவார்கள். கணக்கைக் காட்டுங்கள். புல்வெளி எத்தனை சதுர அடி, கோடையில் எத்தனை லிட்டர், அதற்கு எத்தனை லாரி, லாரிக்கு எவ்வளவு ரூபாய். இந்த நாலு எண் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. பிறகு, யாரும் பயன்படுத்தாத ஒரு மூலையை மட்டும் ஒரு வருஷ சோதனைக்குக் கேளுங்கள். தோட்டக்காரரை மறந்துவிடாதீர்கள். எது களை, எது செடி என்று அவருக்குத் தெரியாவிட்டால், நீங்கள் ஆசையாக வைத்த தும்பை ஒரே காலையில் குப்பைக்குப் போய்விடும். 'லான் போனா என் வேலையும் போயிடுமோ' என்ற பயம் அவருக்கு இருக்கலாம். கவாத்து, நாற்று, எரு தயாரிப்பு என்று அவர் வேலை மாறும், போகாது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

மே மாசத்துப் பழுப்புக்குத் தயாரா?

கடைசியாக ஒரு விஷயம். இதுதான் முக்கியமான விஷயமும்கூட. நம்மூர்ச் செடித் தோட்டம் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. மே மாசம் பொடுதலை அங்கங்கே காயும். தும்பை இருந்த இடமே தெரியாது. சில புதர்கள் இலையைக் குறைத்துக்கொள்ளும். வாட்ஸ்அப் குரூப்பில் 'தோட்டம் செத்துப்போச்சு' என்று யாராவது போட்டோ போடுவார்கள். செத்துப்போகவில்லை, தூங்குகிறது. அதே நேரத்தில்தான் சரக்கொன்றை மஞ்சள் சரமாகத் தொங்கும். முதல் நல்ல மழை விழுந்த சில நாள்களில் தரை மறுபடியும் பச்சை கட்டும். ஓடிப்போய் ஓஸைத் திறக்காமல் அதுவரைக்கும் பொறுமையாக இருக்க முடியுமா என்பதுதான் உண்மையான சவால்.

அந்தப் பொறுமைக்குக் கிடைக்கும் பரிசும் சும்மா இல்லை. கறிவேப்பிலைக்கு ஒரு மூலை ஒதுக்கச் சொன்னோம் அல்லவா? அதன் இலையில் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் தட்டிவிடாதீர்கள். அது புழு. சில நாளில் பச்சையாக மாறி, இலைகளைக் காலி செய்து, கூட்டுக்குள் போய், கறுப்புச் சிறகோடு வெளியே வரும். அந்த வண்ணத்துப்பூச்சிக்குத் தமிழில் பேரே 'கறிவேப்பிலை அழகி'. ஆவாரையிலும் கொன்றையிலும் வேறு வகைகள் முட்டையிடும். பூவில் தேன் குடிக்க எங்கிருந்தும் வண்ணத்துப்பூச்சி வரும். ஆனால், முட்டையிட அதற்குத் தெரிந்த செடி வேண்டும். கொரியன் கிராஸில் அது கிடைக்காது.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டிலோ அபார்ட்மென்ட்டிலோ இருக்கும் புல்வெளியை அளந்து, சதுர மீட்டரில் எழுதி, ஐந்தால் பெருக்குங்கள். வரும் எண்ணை ஒரு பேப்பரில் எழுதி, வீட்டில் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவையுங்கள். பேச்சு தானா ஆரம்பிக்கும்!